தெற்குச் சரிவு

இரண்டு மணிக்குத் தொடங்கினால் ஐந்து மணிக்குள் அறுபது பேரிடம் பேசி முடித்துவிடலாம் என்று காலையில் தோன்றியது, ஆளுக்கு மூன்று நிமிடம், நடுவில் ஒரு தேநீர், ஆனால் மூன்று நிமிடத்தில் யார் யாரிடம் நன்கொடை கேட்டிருக்கிறார்கள், முதல் ஆளிடம் நலம் விசாரிப்பதிலேயே ஒன்பது நிமிடம் போய்விட்டது, பெண் பிளஸ் டூ எழுதுகிறாளாம், என்ன படிக்க வைக்கலாம் மேடம் என்று கேட்டார், நிலவியல் என்றேன், அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. சிரிக்கட்டும். கடைசியில் தருகிறேன் என்றார், பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டேன். வணக்கம், நான் பரிமளா, நிலவியல் துறையில் இணைப் பேராசிரியர் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லும்போது யாரோ தெரியாத பெண்ணை அறிமுகப்படுத்துவதுபோல் இருக்கிறது. இந்த வருடத்திலிருந்து அறிவியல் புலம் முழுமைக்கும் முன்னாள் மாணவர் தொடர்பு என் பொறுப்பு, மற்ற துறைகளில் எல்லோரும் கைகழுவிய பிறகு என்னிடம் வந்த பொறுப்பு, ஆனால் இன்றைக்கு நான் கேட்பது மற்ற துறைகளுக்காக இல்லை, என் பிள்ளைகளின் கள முகாமுக்காக. மூன்று வருடமாக முகாம் இல்லை. பல்கலைக்கழகத்தில் நிதி இல்லை என்றார்கள், பாறையைத் திரையில் காட்டுங்கள் என்றார்கள், காட்டுகிறோம், ஒரு பெண் போன வாரம் வகுப்பில் எழுந்து, மேடம், பாறை அடுக்கு சாய்ந்திருக்கிறது என்கிறீர்களே, நேரில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டாள், முதுகலை இரண்டாம் வருடத்தில் படிக்கிறவள். டீன் நல்லதம்பி சார் வேதியியல்காரர், நல்லவர், ஆனால் பாறை அவருக்கு வீடு கட்டுகிற பொருள். ஐந்து மணிக்குள் யார் யார் தருகிறார்கள் என்ற பட்டியல் என் மேஜைக்கு வரட்டும் மேடம், இல்லாவிட்டால் முகாமை எடுத்துவிட்டுக் கருத்தரங்கம் என்று பாடத்திட்டத்தில் மாற்றிவிடலாம், நாளைக்குக் குழு கூடுகிறது என்றார். கருத்தரங்கத்தில் பாறை சாயாது சார் என்று சொல்ல நினைத்து, சரி சார் என்று வந்துவிட்டேன், அதுதான் என் வழக்கம், சொல்ல வேண்டியதை நினைப்பதும் சரி சார் என்று வந்துவிடுவதும்.

மேஜையில் நானே எழுதிய வாசகம் இருக்கிறது, பேச்சு தடுமாறினால் பார்த்துப் படிப்பதற்கு. உங்களோடு படித்தவர்களை நினைவிருக்கிறதா என்று மூன்றாவது வரி. அந்த வரியில் மட்டும் நாக்கு தடுக்குகிறது, இதுவரை பதினான்கு பேரிடம் பேசிவிட்டேன், பதினான்கு தடவையும் அந்த வரியைத் தாண்டிக் குதித்து நான்காவது வரிக்குப் போய்விட்டேன், யாரும் கவனிக்கவில்லை. மஸ்கட்டில் இருக்கிற ஒருத்தி என் குரல் கேட்டதும் அழுதுவிட்டாள், ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்குத் தெரியலை மேடம், காலையிலிருந்து யாரும் தமிழ்ல கூப்பிடல என்றாள். இன்னொருவன் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று கிசுகிசுத்துவிட்டு, வைப்பதற்கு முன், முகாம்ல இப்பவும் அதே சாம்பார்தானா மேடம் என்று கேட்டான், அதே சாம்பார்தான், பூசணிக்காய் மட்டும் கூடியிருக்கும் என்றேன், அப்ப நான் தரேன் என்றான், என்ன தர்க்கமோ. சன்னலுக்கு வெளியே வெயில் சைக்கிள் நிறுத்தத்தின் தகரத்தில் விழுந்து கண்ணைக் குத்துகிறது, மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகுகிறது. இந்த மத்தியானத்தை நான் பயந்துகொண்டேதான் தொடங்கினேன், ஆனால் மனிதர்கள் நான் பயந்ததைவிட நல்லவர்களாக இருக்கிறார்கள், கொடுக்காதவர்கள்கூட வருத்தப்பட்டுத்தான் கொடுக்காமல் இருக்கிறார்கள். இப்படியே போனால் நடந்துவிடும் என்று நினைத்தேன், பேருந்துக்கு மட்டும் வழி கிடைத்தால் நடந்துவிடும், அந்த நினைப்போடுதான் திருச்செங்கோட்டுக் குழந்தைவேலுவைக் கூப்பிட்டேன். இரண்டாயிரத்து மூன்றில் படித்தவர், ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டிகள் பதினொன்று வைத்திருக்கிறார், அவற்றில் பாதி எப்போதும் வேறு மாநிலத்தில்தான் நிற்கும்.

"சொல்லுங்க மேடம், நல்லா இருக்கீங்களா," என்றார், பின்னால் ஏதோ இரும்பை இரும்பு அடிக்கிற சத்தம். விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "பஸ்ஸை நாம பார்த்துக்கலாமுங்க. போக வர, பன்னெண்டு நாளும் அங்கயே நிக்கட்டும். டிரைவர் பேட்டாவும் நம்முளுதுதான்." நன்றி சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவர், "மேடம், ஒண்ணு கேக்கோணும். அந்தம்மாகிட்டக் கேட்டீங்களா?" என்றார். எந்த அம்மா என்றேன். "திண்டுக்கல் பக்கம் நமக்குப் பாயின்ட் குறிச்சுக் குடுக்கறாங்களே, தண்ணி எங்க இருக்குதுன்னு மெஷின் வெச்சுப் பாக்கறவங்க. அவுங்க கல்லு வெச்ச இடத்துல நம்ம வண்டி நின்னா தண்ணியில்லாம வெறும் மண்ணுப் புகை வர்றது ரொம்பக் கம்மிங்க மேடம், பத்துக்கு எட்டு தண்ணிதான். அவுங்களும் நம்ம டிபார்ட்மென்ட்தானாமா. உங்களுக்கு முன்னாடியோ கூடவோ இருக்கோணும். பேரு ஜெசிந்தா." கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். "மேடம், லைன்ல இருக்கீங்களா? பட்டியல்ல பேரு இல்லீங்களா?" இல்லை என்றேன், உண்மைதான், பட்டியல் பட்டம் வாங்கியவர்களின் பட்டியல், முடிக்காதவர்களுக்கு அதில் இடம் இல்லை. "அதெப்படிங்க இல்லாம போகும், அவுங்க எங்க போனாலும் நம்ம டிபார்ட்மென்ட் பேரைத்தான் சொல்றாங்க. நம்பர் அனுப்பறேன், கூப்பிடுங்க, சந்தோசப்படுவாங்க," என்று வைத்துவிட்டார். சந்தோசப்படுவாங்க. அடுத்த நொடி கைபேசியில் பத்து எண்கள் வந்து விழுந்தன, இருபத்தெட்டு வருடமாக என்னிடம் இல்லாத எண்கள், நான் தேடாத எண்கள், தேடியிருந்தால் அரை மணி நேரத்தில் கிடைத்திருக்கக்கூடிய எண்கள்.

விடுதியில் பதினாறாம் அறை. எங்கள் வகுப்பில் இருபது பேர், பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் சிநேகிதிகளாக இருப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று ஜெசிந்தா சொல்வாள், வேறு வழி இருந்தாலும் உன்னைத்தான் பிடித்திருப்பேன் என்று அதற்குப் பிறகு சொல்வாள், இரண்டாவதை எப்போதும் கொஞ்சம் தாமதித்துத்தான் சொல்வாள், நான் முகம் மாறுகிறவரை காத்திருந்து. குச்சி மாதிரி இருப்பாள், ஆனால் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்காது. வரைபடப் பாடம் எடுத்த கனகசபை சார் எங்களை முகாமுக்குக் கூட்டிப்போவதே தனக்குத் தலைவலி என்று எங்கள் காதுபடச் சொல்வார், பொம்பளைப் பிள்ளைங்க கஞ்சமலைக்குச் சுற்றுலா வருது, ரெண்டுல ஒண்ணு இந்த பேப்பர்ல நிக்கும் பாருங்க என்று பையன்களிடம் சொல்லிச் சிரிப்பார், அதை நான் பயமாக எடுத்துக்கொண்டேன், ஜெசிந்தா பந்தயமாக எடுத்துக்கொண்டாள். நான் பேப்பரில் தேறாமல் நின்றால் அப்பா என்னை ஊருக்குக் கூட்டிப்போய்க் கல்யாணம் செய்துவைத்துவிடுவார், மாப்பிள்ளை தயாராக இருந்தார், உர டிப்போ வைத்திருந்தார், அவர் முகம்கூட எனக்கு இப்போது ஞாபகம் இல்லை, ஆனால் அந்தப் பயத்தின் முகம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முகாமில் எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல், தெற்குச் சரிவுக்கு நான் போகவே இல்லை. ஜெசிந்தா தனியாகப் போனாள், முள்ளில் கை கிழிந்து வந்தாள், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்து வராந்தாவில் உட்கார்ந்து, "பரி, வடக்குப் பக்கம் அடுக்கெல்லாம் தெக்க சாயுதுல்ல, இந்தப் பக்கம் வடக்க சாயுதுடி, ரெண்டும் உள்ளுக்குள்ள சாயுது, மலை வெளியிலதான் மேடு, உள்ள கிண்ணம்," என்று இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழித்துக் காட்டினாள், தண்ணீர் ஏந்துவதுபோல. மறுநாள் விடிந்ததும் பக்கத்துக் கடைக்குத் தொலைபேசிச் செய்தி வந்தது, அவள் அப்பா இறந்துவிட்டார் என்று. முதல் பேருந்துக்கு ஓடினாள். ஓடுகிற அவசரத்திலும் திரும்பி வந்து குறிப்பேட்டை என் கையில் திணித்தாள். "பத்திரமா வச்சுக்கோ, வீட்டுல இருக்கற கூட்டத்துல தொலஞ்சிடும்."

பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் படுத்திருந்தபோது வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து அதைத் திறந்தேன், பார்ப்போம் என்றுதான் திறந்தேன், அப்படித்தான் நினைத்துக்கொண்டேன், பிறகு ஒரு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், காய்ச்சல் வராவிட்டால் நானும்தானே போய் எடுத்திருப்பேன், பாறை பொதுவானதுதானே, யார் அளந்தாலும் அதே சாய்வுதானே, என்று ஒவ்வொரு அளவாக, தெற்குச் சரிவு முழுக்க, கடைசியில் அந்தக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டேன், அந்த யோசனையையும், அவள் உள்ளங்கையைக் குழித்துக் காட்டியதையும். என் வரைபடம் முதலில் போனது. அவள் பத்து நாள் கழித்து வந்து, குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு, இரண்டே நாளில் வரைந்து கொடுத்தாள். கனகசபை சார் இரண்டையும் ஆய்வுக்கூடத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். தெற்குச் சரிவு இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. "முகாம் முடியறப்ப ஆளே இல்ல, இது மட்டும் எங்கேயிருந்து வந்துச்சு, யாரைப் பார்த்துப் போட்டது?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அலமாரியில் வரிசையாக வைத்திருந்த கற்களைப் பார்த்தேன், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்றைக் காணோம், நாற்பத்து நான்கு, அவ்வளவு கவனமாக நான் எதையும் பார்த்ததில்லை.  பிறகு அவர் அவள் வரைபடத்தில் சுழி போட்டார். மறுநாள் பதினாறாம் அறையில் ஒரு கட்டிலில் மெத்தை சுருட்டியிருந்தது. எனக்கு அந்த வருடம் பதக்கம். உர டிப்போ மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார், நான் ஆராய்ச்சிக்குப் போனேன், வேலை கிடைத்தது, இருபத்திரண்டு வருடமாக வரைபடத் தாளை நான்தான் நடத்துகிறேன், உங்கள் குறிப்பேட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்கிறேன், பிள்ளைகள் அதை அறிவுரை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

மூன்றரை. கூப்பிடலாம், முதலில் பட்டியலில் மீதி இருப்பவர்களை முடித்துவிட்டுக் கூப்பிடலாம். ஓசூரில் ஒருவர், எடுக்கவில்லை. நாகர்கோவிலில் ஒருத்தி, தருகிறாள். பெங்களூரில் ஒருவன், முகாமில் பாம்பு வந்த கதையைச் சொன்னான், அந்த வருடம் நானும் இருந்தேன், பாம்பு வரவில்லை, சாரைப்பாம்பு என்று கயிற்றைப் பார்த்து ஓடினார்கள், ஆனால் அவன் சந்தோஷமாகச் சொல்கிறான், ஆமாம் பெரிய பாம்பு என்றேன், தருகிறான். ஒவ்வொரு டிக்குக்கும் மனசு கொஞ்சம் நிறைகிறது, கூடவே ஒரு இடத்தில் உறுத்துகிறது, செருப்புக்குள் போன மணல் மாதிரி, நடந்தால் தெரிகிறது, நின்றால் மறைகிறது. என்ன சொல்வேன் அவளிடம், வணக்கம், அறிவியல் புலத்தின் முன்னாள் மாணவர் தொடர்பிலிருந்து பேசுகிறேன் என்றா. அவள் வைத்துவிட்டால். திட்டினால் பரவாயில்லை, திட்டுவது பேச்சுதானே, யாருங்க நீங்க, ஞாபகம் இல்லையே என்று சொல்லிவிட்டால். தேநீர் வந்தது, குடிக்காமலே ஆறிவிட்டது, ஆடை படிந்துவிட்டது. கூப்பிடாமல் விட்டால் என்ன, பேருந்து கிடைத்துவிட்டது, சாப்பாட்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, பட்டியலில் இல்லாத பெயரைக் கூப்பிடவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் குழந்தைவேலு கேட்பார். கேட்காவிட்டாலும் அவர் சொன்னது போகாது, எங்க போனாலும் நம்ம டிபார்ட்மென்ட் பேரைத்தான் சொல்றாங்க. அந்தப் பேரை அவள் எந்த வாயால் சொல்கிறாள், நாங்கள் அவளுக்கு என்ன கொடுத்தோம், ஒரு சுழியைத் தவிர. வெளியே யாரோ நடைபாதையில் செருப்பை இழுத்துக்கொண்டு போனார்கள், அந்த ஓசை தேய்ந்து நிற்கிறவரை காத்திருந்தேன், பிறகு விரலை வைத்துவிட்டேன், யோசித்து இல்லை, குளத்தில் கால் வைப்பதுபோல, வைத்த பிறகுதான் குளிர் தெரிந்தது.

"யாருங்க," என்றது குரல். காற்று பெரிதாக அடித்தது. பரிமளா என்றேன். "எந்தப் பரிமளா?" என்றது, உடனே, நான் பதில் சொல்வதற்கு முன்பே, மிக மெதுவாக, "ரூம் பதினாறா," என்றது. ஆமாம் என்றேன்.  வைக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "இரு. கடலக் காட்டுல நிக்கேன். கம்பி அடிச்சு வயர் எல்லாம் இழுத்தாச்சு, இன்னும் ரெண்டு ரீடிங் பாக்கி. வச்சிராத, லைன்லயே இரு," என்றாள். இருந்தேன். கைபேசியைச் சட்டைப் பையிலோ பெட்டியின் மேலோ வைத்திருப்பாள், தூரத்தில் அவள் குரல் கேட்டது, எழுதிக்கங்கண்ணே, நாப்பத்தி ஆறு புள்ளி மூணு, கம்பிய இன்னும் பத்து மீட்டர் தள்ளி அடிங்க, ஆங், அங்கனதான், ஒரு ஆணின் குரல் எண்களைத் திருப்பிச் சொன்னது, ஒரு சம்மட்டி இரும்பை நான்கு தடவை அடித்தது. அந்தக் குரலில் வயது ஏறியிருந்தது, ஆனால் எண்ணைச் சொல்லும் விதம் அப்படியே இருந்தது, ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விட்டு, எழுதுகிறவர் தவறிவிடக் கூடாதே என்று. அவள் வேலை செய்வதைக் கேட்டுக்கொண்டு அந்த ஆறேழு நிமிடமும் நான் சும்மா இருந்தேன், பல வருடங்களில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை, இந்த இரண்டு ரீடிங் முடியாமலே போனால் என்று ஒரு நிமிடம் ஆசைப்பட்டேன். "சொல்லு," என்று குரல் பக்கத்தில் வந்தது.

"தெற்குச் சரிவு முழுக்க உன் நோட்டைப் பார்த்துதான் போட்டேன்," என்றேன். வாசகத்தில் இல்லாத வரி. ஆனால் இருபத்தெட்டு வருடமாக மனப்பாடமாக இருந்த வரி.

"தெரியும்."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். நோட்டுல ஒரு எடத்துல எழுவத்தி மூணு டிகிரிய முப்பத்தேழுன்னு மாத்தி எழுதிட்டேன்டி. ஊருக்குப் போற பஸ்ல, அழுதுக்கிட்டே போறேன், நடுவுல அது ஞாபகம் வருது, பாத்துக்க. திரும்பி வந்து வரையும்போது திருத்திட்டேன். உன் மேப்புல முப்பத்தேழே இருந்துச்சு."

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியானால் அன்றைக்கு அந்த மேஜையிலேயே ஒரு விரலை வைத்துக் காட்டியிருக்கலாம், சார், இங்கே பாருங்க என்று, அவ்வளவுதான், என் கதை முடிந்திருக்கும். "ஏன் சொல்லல, ஜெசி?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீ கல்லப் பாத்துட்டு நின்ன. சரி, இவளே சொல்லட்டும்னு காத்திருந்தேன். அப்பாவப் பொதச்சு ரெண்டு வாரம்கூட சரியா ஆவல, ரொம்ப நேரம் நிக்க முடியல, அவ்ளோதான்." பெட்டியின் மூடி விழுகிற சத்தம் கேட்டது. "மன்னிச்சுட்டேன்னு சொல்லுவேன்னு எதிர்பாக்காத. பத்து வருஷம் உன்மேல நல்லா கோவம் இருந்துச்சு. அப்பறம் வேலை வந்துச்சு, கோவப்பட நேரம் இல்ல. இப்ப இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல, பாத்துத்தான் சொல்லணும்."

சரி என்றேன். இந்தச் சரி என் வழக்கமான சரி இல்லை. "எதுக்குக் கூப்பிட்ட, இத சொல்றதுக்கா?" என்றாள். பொய் சொல்ல இனி என்ன இருக்கிறது, "குழந்தைவேலு நம்பர் கொடுத்தார், கள முகாமுக்கு நன்கொடை வாங்கறேன், உன்கிட்டயும் கேட்கச் சொன்னார்," என்றேன். அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள், பக்கத்தில் இருந்த ஆள் என்னம்மா என்று கேட்பது எனக்குக் கேட்டது. பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "முகாம் இருக்கா? நெசமாவா? இல்லன்னுல்ல சொன்னாங்க." அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். கிணற்றுக்குக் கடன் கேட்கிற விவசாயிக்குத் தண்ணீர் இருக்கிறது என்று அறிக்கை தர வேண்டும், அதில் பட்டம் வாங்கியவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும், காட்டில் நடப்பது இவள், அளப்பது இவள், கல் வைப்பது இவள், கையெழுத்துப் போடுவது எப்போதும் இன்னொருவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காத ஒருவர். இப்போது பல்கலைக்கழகம் பழைய அரியர் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று அறிவித்திருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறாள், அவளுக்கு நிற்பது ஒரே ஒரு தாள், வரைபடம், அதற்கு முகாமுக்குப் போய்த்தான் ஆக வேண்டும், தேர்வுப் பிரிவில் கேட்டால் முகாமே கிடையாது அம்மா என்று சொல்லிவிட்டார்கள். "ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டாவது தடவ அந்தாளு, பேரன் பேத்தி எடுக்கற வயசுல எதுக்கும்மான்னாரு. வச்சுட்டேன்." அந்த விண்ணப்பத்தை அனுப்பு, இன்றைக்கே அனுப்பு என்றேன், என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அந்தச் சுழி உன்னுது இல்ல, அதையும் எழுதிக் கொடுக்கறேன்." எழுதிக் கொடுத்தா உன் வேலை என்னாகும் என்று கேட்டாள். தெரியாது என்றேன். "பாத்து எழுது," என்றாள், அது மிரட்டலா அக்கறையா என்று தெரியவில்லை. "எனக்குக் காசு கீசு குடுக்க வழியில்ல பரி. மெஷின எடுத்துட்டு வரேன். புள்ளைங்க தொட்டுப் பாக்கட்டும்." பிறகு, "அண்ணே, அந்த வயரச் சுத்துங்க, நான் வரேன்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே வைத்துவிட்டாள்.

நாலே முக்கால். பட்டியலை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன், படி பதினெட்டு, முழங்கால் வலிக்கிறது, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும், ஏறத்தான் வேண்டும், இந்தத் தடவை தெற்குப் பக்கம். டீன் சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பட்டியலைப் பார்த்தார், பரவாயில்லையே மேடம், சாதிச்சிட்டீங்களே என்றார், உண்மையாகவே சந்தோஷப்பட்டார், கருத்தரங்கம் என்ற சொல்லைத் தாளில் அடித்துவிட்டார். அங்கேயே வந்திருக்கலாம். கதவு என் முதுகுக்குப் பின்னால் திறந்துதான் இருந்தது, நன்றி சார் என்று சொல்லி வந்திருந்தால் இது நல்ல நாள், எல்லோருக்கும் நல்ல நாள். "சார், இன்னொண்ணு," என்றேன், உட்காரச் சொன்னார், நான் நின்றேன், உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும், நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், காய்ச்சல், குறிப்பேடு, இரண்டு வரைபடம், முப்பத்தேழு. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "யாரும் கேக்காதப்போ ஏன் மேடம்," என்றார். அவள் வர்றதுக்குள்ள அவள் கணக்கு நேராகணும் சார் என்றேன். எழுதிக் கொடுத்தால் ஆட்சிக்குழுவுக்குப் போகும், பதக்கம் போகலாம், உங்கள் பதவி உயர்வுக் கோப்பு மேலே இருக்கிறது, அது கீழே வரலாம், விசாரணை என்று வைத்தால் எத்தனை மாதம் ஆகுமோ சொல்ல முடியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், பயமுறுத்துவதற்கு இல்லை, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதுபோல. தெரியும் சார் என்றேன். தெரியாது, ஆனால் அப்படிச் சொன்னேன். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைக்குக் காலையில குடுங்க. நானே எடுத்துட்டுப் போறேன். முகாமுக்கு இதனால ஒண்ணும் ஆகாம நான் பார்த்துக்கறேன்," என்றார். பிறகு, "அந்த அம்மா முகாமுக்கு வர்றாங்கன்னா எந்தக் கணக்குல, முன்னாள் மாணவரா, விருந்தினரா?" என்று பேனாவைத் திறந்தார். மாணவி சார் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

அறைக்கு வந்து வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு இருபது நிமிடமாக உட்கார்ந்திருக்கிறேன். மதிப்பிற்குரிய என்று எழுதியாகிவிட்டது. அடுத்த சொல் வரவில்லை. கீழ்ப்படிந்து தெரிவிப்பது, பணிவுடன் தெரிவிப்பது, எந்தப் பணிவும் இந்தத் தாளுக்குப் பொருந்தவில்லை. பயம் போய்விட்டதா என்று உள்ளே தேடிப் பார்க்கிறேன், போகவில்லை, அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் அதன் பக்கத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டு இடத்தைப் பங்கு கேட்கிறது, அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை, முகாம் நடக்கப்போகிற ஜனவரியை நினைத்தால் அது கொஞ்சம் நிமிர்கிறது. மூன்று வருடம் கழித்து ஒரு பேருந்து நிறைய பிள்ளைகள். சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்ட பெண். அவர்களோடு வரிசையில் நின்று பூசணிக்காய் சாம்பார் வாங்கப் போகிற ஐம்பது வயது மாணவி, அவளுக்கு மதிப்பெண் போட வேண்டியவள் நான் இல்லை, வேறு யாரையாவது போடச் சொல்ல வேண்டும், அதையும் கடிதத்தில் சேர்க்க வேண்டும். கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. ஜெசிந்தா. விண்ணப்பத்தை அனுப்பிவிட்டதாகவும் மலைக்கு ஷூ வேண்டுமா, காட்டுக்குப் போடுகிற செருப்பு போதுமா என்றும் கேட்டிருந்தாள். ஷூ கட்டாயம் வேண்டும், முள் இப்போது இன்னும் அதிகம், சைஸ் சொல்லு, நான் வாங்கி வைக்கிறேன் என்று அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "ஆறு. ஷூவ நான் வாங்கிக்கறேன். நீ லெட்டர எழுது."

எழுதத் தொடங்கினேன்.